ஹைபிரிட் காரும் ரெண்டு தேக்கரண்டி பெற்றோலும்

ஹைபிரிட் கார் எண்டால் பாதி கரண்டில, பாதி பெற்றோலில ஓடுற கார் எண்டுதான் எங்கட ஆக்களில கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். அப்படியில்லை. வீட்டில வயர் குத்திச் சார்ஜ் ஏத்தாத சாதாரண ஹைபிரிட் ஒன்று ஓடுகிற ஒவ்வொரு மீற்றரும் பெற்றோலில் இருந்து வந்ததுதான். அதுக்குள்ள இருக்கிற மோட்டரும் பற்றரியும் புதுசாச் சக்தி எதையும் கொண்டுவாறதில்லை. அப்ப எப்பிடி மிச்சம் பிடிக்குது? எல்லா ரோட்டிலயும் பிடிக்குமோ? எல்லா ஹைபிரிட்டும் ஒண்டோ? இந்த மூண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் காசை எண்ணிக் குடுக்கக் கூடாது எண்டதுதான் என்ர கட்சி. பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ :-)

ஏன் இப்ப இந்தக் கதை எண்டு கேட்பியள். 2020 மார்ச்சில் நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் இலங்கை தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதுக்குப் பிறகு இஞ்ச பலெர்மோவில தமிழாக்கள் ரெண்டு பேர் சந்திச்சால் கார்க் கதைதான். வியா மக்வேதாவின்ர ஸ்டேஷன் பக்கத்துக் கடை வாசல், பல்லரோ சந்தை, பிறந்தநாள் கொண்டாட்டம், எங்க போனாலும் "தம்பிக்கு ஒரு ஹைபிரிட் எடுத்துக் குடுத்தால் ஹயருக்கு ஓடிப் பிழைப்பான்" எண்டு ஒராள் சொல்லுவார். நான் எஞ்சினியரிங் படிக்கிறன் எண்டதால "தம்பி, அக்குவா நல்லதோ வெசல் நல்லதோ?" எண்டு என்னட்டக் கேக்கினம். இது விளையாட்டுக் காசில்லை. வீடு துடைச்சு, வயசுபோன ஆக்களை இரவு பகலாப் பாத்து, வருசக் கணக்காச் சேர்த்த காசு. அதால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லுறதை ஒரேயடியா எழுதி வைக்கிறன்.

முதல்ல பிறேக். மிச்சத்தின்ர பெரிய பங்கு அங்கதான் கிடக்கு.

1200 கிலோ நிறையுள்ள ஒரு கார் 40 கி.மீ வேகத்தில் போகுது எண்டு வையுங்கோ. அந்த வேகத்தில் அதுக்குள்ள இருக்கிற இயக்கச் சக்தி கிட்டத்தட்ட 74 கிலோயூல். நீங்கள் பிறேக்கை அமத்த அது முழுக்க பிறேக் தட்டில சூடாகிக் காத்தில போயிடும். ஒரு லீற்றர் பெற்றோலுக்குள்ள இருக்கிற சக்தி ஏறத்தாழ 32 மெகாயூல். ஆனால் நகர ஓட்டத்தில் அதில கால்வாசி சில்லுக்கு வந்து சேர்ந்தாலே பெரிய விசயம், மிச்சம் சூடாவும் புகையாவும் போகுது. கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஒருக்கா 40இல இருந்து முழுசா நிக்கிறதுக்கு 9 மில்லிலீற்றர் பெற்றோலுக்கு மேல போகுது. கிட்டத்தட்ட ரெண்டு தேக்கரண்டி! ஒவ்வொரு சிக்னலிலயும், ஒவ்வொரு சந்தியிலயும் ரெண்டு தேக்கரண்டி பெற்றோலை ரோட்டில ஊத்திப்போட்டுப் போறம். நூறு தரம் நிண்டு வெளிக்கிட ஒரு லீற்றர் முடிஞ்சுது.

வியா மக்வேதாவுக்குச் சமாந்தரமா ஓடுற வியா ரோமாவில பின்னேரம் ஆறு மணிக்கு நிண்டு பாருங்கோ. பஸ், கார், மோட்டச்சயிக்கிள் எல்லாம் நிண்டு நிண்டு ஊருது. அங்க கொட்டுப்படுற தேக்கரண்டிகளை எண்ணி முடிக்கேலாது.

நல்ல ஹைபிரிட் இந்த இடத்தில என்ன செய்யுது? நீங்கள் பிறேக்கை மிதிக்க, சில்லோட இணைஞ்சிருக்கிற மோட்டர் ஜெனரேற்றரா மாறும். சில்லின்ர ஓட்டத்தைக் கரண்டாக்கிப் பற்றரிக்குள்ள போடும். சயிக்கிள் டைனமோவைச் சில்லில முட்ட விட்டால் மிதிக்கிறதுக்குக் கஷ்டமா இருக்குமெல்லோ, அதே சங்கதிதான். அந்தக் "கஷ்டம்"தான் காரை நிப்பாட்டுது. திரும்ப வெளிக்கிடேக்க அதே கரண்ட் மோட்டரைச் சுத்தும். போக வர இழப்பு இருக்கு, ரெண்டு தேக்கரண்டியும் முழுசாத் திரும்பாது. ஒரு தேக்கரண்டி திரும்பினாலும் லாபம்தான்.

ரெண்டாவது, நிக்கேக்க எஞ்சினும் நிக்கும். சாதாரணக் கார் ஒன்று சும்மா நிண்டு இயங்கவே மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல குடிக்கும். கொழும்பில வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்குக் காலமை போய் வந்தவைக்கு இது விளங்கும். பிறியஸ், அக்குவா மாதிரிக் கார்களில் ஏசியின்ர கொம்பிறசரும் கரண்டில ஓடுறதால எஞ்சின் நிண்டாலும் குளிர் வரும். பற்றரி இறங்க எஞ்சின் தானாக் கொஞ்சம் இயங்கிப்போட்டுத் திரும்ப நிக்கும்.

மூண்டாவதைத்தான் ஒருத்தரும் கதைக்கிறதில்லை. பெற்றோல் எஞ்சின் எப்பவும் ஒரே மாதிரித் திறமையா வேலை செய்யாது. ஓரளவு பாரம் இருக்கேக்கதான் அது நல்ல உழைப்பாளி. ஊர்ந்து போகேக்க பெரிய அண்டாவில ஒரு ஆளுக்குச் சோறு சமைக்கிற மாதிரி, விறகுதான் வீணாகும். ஹைபிரிட்டில ஊருற வேலையை மோட்டர் எடுத்துக்கொள்ளும், எஞ்சின் தனக்குத் தோதான இடத்தில மட்டும் வேலை செய்யும். ரொயோட்டா இதுக்கெண்டே அற்கின்சன் முறையில எஞ்சின் செய்யுது. உள்ள எடுக்கிற வால்வைக் கொஞ்சம் பிந்தி மூடி, எடுத்த காத்தில ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதால அமத்திற தூரம் குறைவு, எரிஞ்ச பிறகு தள்ளுற தூரம் கூட. ஒரே பெற்றோலில கூட வேலை கிடைக்கும். ஆனால் வெளிக்கிடேக்க இந்த எஞ்சினுக்குப் பலம் காணாது. அந்தக் குறையை மோட்டர் நிரப்புது. ஒருத்தரின்ர பலவீனத்தை மற்றவர் மறைக்கிற நல்ல குடும்பம் மாதிரி :-)

எஞ்சினையும் ரெண்டு மோட்டரையும் சேர்த்து வைக்கிறது ஒரு பல்சக்கரக் கூட்டம். நடுவில ஒரு சூரியன், சுத்திவரக் கிரகங்கள், வெளியில ஒரு வளையம். சூரியனில ஒரு மோட்டர், கிரகங்களைத் தாங்கிற சட்டத்தில எஞ்சின், வளையத்தில மற்ற மோட்டரும் சில்லும். இதாலதான் எஞ்சின் வேகமும் சில்லு வேகமும் ஒண்டோடொண்டு கட்டுப்படாமல் இருக்கலாம். 1997 டிசம்பரில் ஜப்பானில விற்பனைக்கு வந்த முதல் பிறியஸில இருந்து இந்த அடிப்படை மாறேல்லை. பிறியஸ் எண்டது லத்தீனில "முந்தினது" எண்டு அர்த்தம். ஆனால் பெற்றோலையும் கரண்டையும் சேர்க்கிற யோசனை அதை விட நல்லா முந்தினது. 1900ஆம் ஆண்டே பேர்டினண்ட் போர்ஷ அப்படி ஒரு வண்டி செய்தவர்.

இனிப் பற்றரி. அது பெரிய கரண்டுத் தாங்கி எண்டு நினைக்காதேங்கோ. 2003இல் வந்த ரெண்டாம் தலைமுறைப் பிறியஸின்ர பற்றரி 1.3 கிலோவாற் மணி. பெற்றோல் கணக்கில சொன்னால் 150 மில்லிலீற்றர், ஒரு தேத்தண்ணிக் கோப்பை! அதிலயும் பற்றரி கெடாமல் இருக்க முழுசா ஏத்திறதுமில்லை, முழுசா இறக்கிறதுமில்லை, நடுப்பங்கைத்தான் பாவிக்கும். இங்க எங்கட ஆக்கள் சைவம் வேதம் எண்டு பாக்காமல் ஏறிப் போற சாந்தா ரொசாலியா கோயில், மொந்தே பெல்லெக்ரினோ மலையில 400 மீற்றருக்கு மேல இருக்கு. அங்கயிருந்து ஒரு பிறியஸ் இறங்கினால் அந்த இறக்கத்தின்ர சக்தி மட்டும் ஒரு கோப்பை முட்ட இருக்கும். காத்துக்கும் ரயர் உராய்வுக்கும் ஒரு பங்கு போனாலும், அடிவாரத்துக்கு வர முன்னமே பற்றரி "காணும்" எண்டு சொல்லிப்போடும். ஆகவே இது தாங்கியில்லை, கைமாத்துக் கோப்பை. பிறேக்கில ஏந்தி அடுத்த நிமிசமே திருப்பிக் குடுக்கிறதுதான் அதின்ர வேலை.

இதில இருந்து வாற முடிவு ஒண்டுதான். எங்க பிறேக் கூடவோ அங்க ஹைபிரிட்டின்ர மிச்சம் கூட. எங்க பிறேக் இல்லையோ அங்க ஏந்த ஒண்டுமில்லை.

ஒரு அண்ணா கேட்டார். யாழ்ப்பாணத்தில இருக்கிற தம்பி, கொழும்பு விமான நிலையத்துக்கு ஹயர் ஓடப்போறான், என்ன எடுக்கலாம் எண்டு. யாழ்ப்பாணம் - கொழும்பு கிட்டத்தட்ட 400 கி.மீ. கிளிநொச்சி, வவுனியா எண்டு ஊர்களைக் கடந்தால் மிச்சம் நேர் ரோட்டு. சட்டப்படி 70 கி.மீ வேகம். ஒரே சீரா 70இல போற காரில ஏந்துறதுக்குப் பிறேக் எங்க இருக்கு? அந்த வேகத்தில சாதாரணச் சின்னக் காரும் நல்ல கிலோமீற்றர் குடுக்கும். அற்கின்சன் எஞ்சினால ஹைபிரிட்டுக்குக் கொஞ்சம் முன்னிலை இருக்கு, மறுக்கேல்லை. ஒரு கணக்குக்குச் சொல்லுறன். நகரத்தில சாதாரணக் கார் லீற்றருக்கு 12, ஹைபிரிட் 20 எண்டு வைச்சால் ஆயிரம் கிலோமீற்றருக்கு 33 லீற்றர் மிச்சம். நீள ஓட்டத்தில ஒன்று 17, மற்றது 21 எண்டு வைச்சால் அதே ஆயிரத்துக்கு மிச்சம் 11 லீற்றர்தான். அதே கார், அதே விலை, மிச்சம் மூண்டில ஒண்டு. கொழும்புக்குள்ள நாள் முழுக்க ஓடுற பெடியனுக்கு நான் ஹைபிரிட்டை எடு எண்டு சொல்லுவன். நீள ஓட்டக்காரனுக்கு, கூடக் குடுக்கிற காசு எத்தினை வருசத்தில திரும்பும் எண்டு முதல்ல பெருக்கிப் பார் எண்டுதான் சொல்லுவன்.

அடுத்தது பெயர். இதில ஏமாறுறதுக்கு நல்ல வசதி இருக்கு.

2024இல் இத்தாலியில் விற்ற புதுக் கார்களில பத்துக்கு நாலு ஹைபிரிட். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதில பெரும்பங்கு "மைல்ட்" எண்டு சொல்லுற மெல்லிய ஹைபிரிட். 2020இல் வந்த பியற் பண்டா ஹைபிரிட்டை எடுங்கோ. 12 வோல்ற், 11 அம்பியர் மணிப் பற்றரி, பெல்ற்றால எஞ்சினோட இணைச்ச 3.6 கிலோவாற் மோட்டர். பற்றரி பிறியஸின்ரயில பத்தில ஒண்டு. நாங்கள் மேல பாத்த கார் 40இல இருந்து அஞ்சு செக்கனில நிக்குது எண்டால் சராசரி 15 கிலோவாற் வெளிய வரும். 3.6 கிலோவாற் வாயால அதில எவ்வளவு குடிக்கேலும்? நாலில ஒரு பங்கு கூட இல்லை. அந்த மோட்டரால தனியக் காரை இழுக்கவும் ஏலாது. நிக்கேக்க எஞ்சினை நிப்பாட்டும், வெளிக்கிடேக்க ஒரு கை குடுக்கும், அவ்வளவுதான். பண்டா மோசமான கார் எண்டு நான் சொல்லேல்லை. சின்னது, பாரம் குறைஞ்சது, பலெர்மோவின்ர ஒடுங்கின சந்துகளுக்கு அதை விட என்ன வேணும்? ஆனால் அது சிக்கனமா இருக்கிறதில பெரும்பங்கு அதின்ர சின்ன உடம்பாலதான், பின்னால ஒட்டியிருக்கிற பெயரால இல்லை.

எங்கட ஊரிலயும் இதே கதை இருக்கு. ஜப்பானில இருந்து வந்த சுசுகி வாகன்-ஆர் 660 சிசி. 2017 மொடலில "ஹைபிரிட்" எண்டு எழுதியிருக்கும். மோட்டர் 2.3 கிலோவாற். அதுவும் மெல்லிய ஹைபிரிட்தான். நல்லா மிச்சம் பிடிக்குது எண்டு எல்லாரும் சொல்லுவினம், உண்மைதான். ஏனெண்டால் அது 800 கிலோ அளவில நிறையுள்ள, சின்ன எஞ்சின் வண்டி. நிறை குறைய பிறேக்கில போற தேக்கரண்டியும் குறையும். ஆகவே விக்கிற ஆள் "ஹைபிரிட்" எண்டு சொன்ன உடனே தலையாட்டாமல் ரெண்டு கேள்வி கேளுங்கோ. எஞ்சின் நிண்ட நிலையில் மோட்டர் மட்டும் காரை இழுக்குமோ? மோட்டர் எத்தினை கிலோவாற்?

சரி, பெற்றோலே இல்லாமல் போனால்? 2022 ஓகஸ்டில நாடு முழுக்கக் கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டச்சயிக்கிளுக்கு 4. 2023 செப்டெம்பரில்தான் அந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்தவை. அந்த 20 லீற்றரில ஹைபிரிட்காரர் மற்றவையை விடக் கனதூரம் போனவை, அது உண்மை. ஆனால் அதுக்கு முந்தின மாதங்களில பெற்றோல் செட்டே பூட்டிக் கிடக்க ஹைபிரிட்டும் மற்றக் கார் மாதிரி வரிசையிலதான் நிண்டது. எங்கட அப்பா, மாமாமாரைக் கேட்டால் சிரிப்பினம். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள யாழ்ப்பாணத்தில ஓஸ்ரின் ஏ-40உம் மொறிஸ் மைனரும் துளிப் பெற்றோலில ஸ்ராட் ஆகி, எஞ்சின் சூடேற மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடினது. மோட்டச்சயிக்கிளுக்குப் பிள்ளையளின்ர சூப்பிப் போத்தலால பெற்றோல் பீச்சி வெளிக்கிட்ட கதைகள் எத்தினை! புகையும் நாத்தமும் வேற கதை. ஆனால் ரெண்டு எரிபொருள் வண்டி எண்டால் அதுதான். இப்பத்தைய ஹைபிரிட்டுக்கு எரிபொருள் ஒண்டே ஒண்டு. பெற்றோலில இருந்து விடுதலை வேணுமெண்டால் முழு மின்சாரக் காரைப் பாக்க வேணும். யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கூரையில சூரியத் தகடு போட்ட வீட்டுக்கு அது இன்னும் பொருந்தும். ஹைபிரிட் பெற்றோலை அளந்து செலவழிக்கிற கார், பெற்றோலைத் துறந்த கார் இல்லை.

பழைய ஹைபிரிட் எடுக்கிறவை கவனிக்க வேண்டியதையும் சொல்லிப்போடுறன்:

1. பற்றரி பல துண்டுகளாலானது. மேல சொன்ன பிறியஸில 28 துண்டு. பழுதான ஒண்டை மட்டும் மாத்திப்போட்டு "பற்றரி செய்தது" எண்டு விக்கிறது நடக்குது. மற்றத் துண்டுகளும் அதே வயசுதான், அடுத்தடுத்துப் போகும். கணினி குத்தி ஒவ்வொரு துண்டின்ர வோல்ற்றேச்சையும் காட்டச் சொல்லுங்கோ. காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கோ.

2. பற்றரிக்குக் காருக்குள்ள இருக்கிற காத்துத்தான் குளிர்ச்சி. பின் சீட்டுக்குப் பக்கத்தில காத்து உள்வாங்கிற துவாரம் இருக்கும். அதில பையை வைச்சு மூடாதேங்கோ. எங்கட பக்கத்துப் புழுதி அங்கதான் அடையும், அந்த விசிறியை அப்பப்பத் துப்பரவாக்க வேணும். பற்றரிக்குச் சூடுதான் யமன்.

3. கன காலம் ஓடாமல் மூடி வைச்ச ஹைபிரிட் "குறைய ஓடினது" எண்டு கூட விலைக்கு வரும். பற்றரிக்கு அது நல்லதில்லை.

4. பற்றரி மாத்திற செலவை இண்டைக்கே விசாரிச்சு கார் விலையோட கூட்டுங்கோ. கூட்டின பிறகும் கட்டுப்படியானால் எடுங்கோ.

கடைசியா அரசாங்கத்துக்கு ஒண்டு. அவைக்கு என்ர பதிவு வாசிக்க நேரமிருக்காது, எண்டாலும் சொல்லுறன். ஹைபிரிட்டுக்கு வரி குறைச்சதாலதான் இலங்கை ரோட்டில இவ்வளவு ஹைபிரிட் ஓடுது. நோக்கம் நல்லது. ஆனால் வரியை சிசிக்கும் "ஹைபிரிட்" எண்ட சொல்லுக்கும் போட்டால் சனம் சிசியையும் சொல்லையும்தான் வாங்கும். ஆயிரம் கிலோமீற்றருக்கு எத்தினை லீற்றர் குடிக்குது எண்டதை அளந்து அதுக்கு வரி போட்டால் சனம் மிச்சத்தை வாங்கும். பழைய காரைப் பெயர் மாத்தேக்க பற்றரிப் பரிசோதனைத் தாள் கட்டாயம் எண்டு வைச்சால், கடல் கடந்து உழைச்ச காசு ஒரு செத்த பற்றரிக்குப் போகாது.

இதைவிடப் பெரிய மிச்சம் ஒண்டும் இருக்கு. 1600ஆம் ஆண்டளவில மக்வேதா கோமகன் எண்ட ஸ்பானிய ஆளுநர் வெட்டுவிச்ச தெருதான் வியா மக்வேதா. தேயாத்ரோ மாசிமோவில இருந்து குவாத்ரோ காந்தி வரை (எங்கட காந்திக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, "நாலு மூலை" எண்டு அர்த்தம்) இப்ப கார் இல்லை, சனம் நடக்குது. ஒரு காலத்தில காருகள் முட்டி நிண்ட இடம். நெரிசலில மிச்சம் பிடிக்கத்தான் ஹைபிரிட். நெரிசலையே எடுத்துவிட்டால் அந்த ரெண்டு தேக்கரண்டிக்கு வேலையே இல்லை. யாழ்ப்பாணத்தில கஸ்தூரியார் வீதியில இதைச் சொன்னால் கடைக்காரர் அடிக்க வருவினம் எண்டு தெரியும். அதைப் பற்றித் தனியா ஒரு பதிவு போடுறன்.

அதுவரைக்கும், கார் எடுக்க நிக்கிற அண்ணாமார், அக்காமார்! முதல்ல ரோட்டைப் பாருங்கோ, பிறகு பற்றரியைப் பாருங்கோ, கடைசியாப் பெயரைப் பாருங்கோ.